தரை காட்டிக்குடுக்கும்

1992இல் வந்த வொல்ஃபென்ஸ்டைன் 3டியில தரைக்கும் கூரைக்கும் வெறும் நிறம்தான். ரே காஸ்டிங் எழுதுற நீங்கள் அதோட நிக்காதேங்கோ. தூரக் கணக்கில விட்ட பிழையைத் தரைதான் காட்டிக்குடுக்கும்.

சுவருக்குக் கமெராத் தளத்திலிருந்து செங்குத்துத் தூரத்தையும், தரைக்கு ரே ஓடின முழுத் தூரத்தையும் எடுத்தால், திரும்பேக்க ஓடுகள் சுவரடியை விட்டு வழுக்கும். கனபேர் ஏதோ ஒரு எண்ணால பெருக்கிச் சமாளிப்பினம். அது சரிவராது எண்டு நான் சொல்லுவன்: திரை நடுவில ரெண்டு தூரமும் ஒன்று, ஓரத்துக்குப் போகப்போக விலகும். ரெண்டுக்கும் செங்குத்துத் தூரத்தையே எடுங்கோ.

சோதிக்கப் புல்லுப் படம் வேண்டாம். பலெர்மோவின் பழைய வீடுகளில பதிச்ச மாதிரிச் சதுர ஓட்டுப் படம் போடுங்கோ. கோடு வளைஞ்சா ஒளிக்க ஏலாது. கண் சுவரின் பாதி உயரத்தில எண்டா, அதே கணக்குக் கூரைக்கும் காணும். கப்பெல்லா பலத்தீனாவின் தேன்கூட்டு மரக் கூரைக்கு மட்டும் காணாது!