சிறார் சிகிச்சையும் வாய்மையும்

மக்கட்பேறு பெற்றார்க்கு நேரும் இடுக்கண்கள் பலவற்றுள்ளும், அறியாப் பருவத்துக் குழந்தையை அறுவை மருத்துவர் கையில் ஒப்புவிக்க நேர்வதினும் பெரியது பிறிதொன்று உண்டோ என ஐயுறுகின்றோம். வளர்ந்த ஒருவன் சிகிச்சைக்கு உடன்படுங்கால், தான் படும் துன்பம் இன்ன பயனைத் தருமென அறிந்தே உடன்படுகின்றான். குழந்தையின் நிலை அத்தகையதன்று. அதன்பொருட்டு உடன்படுவோர் பிறர். துன்பத்தை நுகர்வது மட்டும் அது. ஆதலின் அவ்வுடன்பாட்டைத் தரும் பெற்றோர்க்கும், அதனைப் பெறும் வைத்தியசாலையார்க்கும், உடலைக் காப்பதோடு அமையாத மற்றொரு கடனும் உண்டு. குழந்தைக்கு உண்மையைச் சொல்லுதலும், சொன்ன சொல்லைக் காத்தலுமே அக்கடன். இதனை நம் நாட்டார் இன்னும் செவ்வனே உணர்ந்திலர் என்பது எமது கருத்து. அதனைச் சிறிது விளக்கவே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வைத்திய நூலின் திறத்தில் நமக்குக் குறையொன்றும் இல்லை. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, அறுவை சிகிச்சையின் நோவைத் தணிக்கலாமெனப் பலர் முன்னிலையில் மெய்ப்பித்தார். 1865-இல் கிளாஸ்கோ நகரத்து லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் காத்து, சீழ் பிடியாமல் ஆற்றினார். இவ்விரண்டு வழிகளும் திறந்தபின் அறுவை மருத்துவம் அடைந்த ஏற்றத்தை உலகம் அறியும்.

எனினும், குழந்தை எதை உணர்கின்றது என்னும் ஆராய்ச்சி மட்டும் நெடுங்காலம் பின்தங்கியே நின்றது. பச்சிளங் குழவிகள் நோவை நன்கு உணர்வதில்லை என்று கற்றறிந்த வைத்தியர்களே நம்பியிருந்த காலமொன்று உண்டு. அந்நம்பிக்கையால், நோவு தணிக்கும் மருந்து மிகக் குறைவாகவே தரப்பெற்றுக் கத்திக்கு உட்பட்ட சிசுக்கள் பல. 1987-இல் ஆக்ஸ்போர்டில் ஆனந்த் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும், குறைமாதக் குழவிகளுக்கும் தக்க நோவுமருந்து கொடுத்துச் சிகிச்சை செய்தால் அவை மேலும் நலமாகத் தேறுகின்றன என ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே அக்கொள்கை தளர்ந்தது. ‘குழந்தைக்கு என்ன தெரியும்?’ என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல், இவ்வாறு கற்றாரையே ஏமாற்றியிருக்கின்றது. பிறந்த சிசுவே அறியுமாயின், நாலு வயதுப் பிள்ளை எத்துணை அறியும்?

எம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றை இவ்விடத்துக் கூறுதல் பொருத்தமாகும். எம் வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு, அழும்போதும் இருமும்போதும் வலத் தொடையிடுக்கில் புடைப்பொன்று தோன்றிப் பின் மறைவதாயிற்று. வைத்தியர் அதனைக் குடலிறக்கம் என்றார். ஆண் குழந்தை கருவிலிருக்குங்கால் விரைகள் வயிற்றினின்று இறங்கிவரும் வழி, பிறப்பை ஒட்டித் தானே அடைபடுதல் இயல்பு. அஃது அடைபடாது நின்றால் குடலின் ஒரு பகுதி அவ்வழியே புகும். வீட்டுப் பாட்டியார், அடுத்த தெருக் குழந்தையின் கொப்பூழ்ப் புடைப்பு மூன்று வயதில் தானே அமுங்கிற்று என்றும், இதுவும் அங்ஙனமே அமுங்கும் என்றும் உரைத்தார். வைத்தியர் பாட்டியாரை எதிரில் இருத்தி, கொப்பூழில் வருவது பெரும்பாலும் வளர வளர மறையுமென்றும், தொடையிடுக்கில் வருவது மறையாதென்றும், புகுந்த குடல் மீளாது இறுகி இரத்தவோட்டம் நின்றால் உயிருக்கே இடர் நேருமென்றும், காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். அதற்கு அவர் செலவிட்டது கால்மணி நேரமே. ஆயின் அக்கால்மணி நேரத்தில் வீட்டிலிருந்த வழக்கு முழுதும் தீர்ந்தது. படியாதவர்க்கு விளங்காது என்று அவர் கருதவில்லை, சொல்லினார், விளங்கிற்று.

இனி, சிறுவனுக்கு யாது சொல்வது என்பதில் மீண்டும் வழக்கு எழுந்தது. திருவிழாவுக்குப் போவதாகச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஒருவர். ஊசியே போடமாட்டார்கள் என்று சொல்லுங்கள் என்றார் மற்றொருவர். தமிழ் கற்ற உறவினர் ஒருவர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறுமென வள்ளுவரே கூறியிருக்கின்றார் அன்றோ என்றார். அவர் காட்டிய மேற்கோள் மெய்யே. ஆயின் வள்ளுவர் அப்பொய்க்கு வைத்த வேலியை அவர் நோக்கவில்லை. விளையும் நன்மை குற்றமற்றதாதல் வேண்டும். திருவிழா என்று அழைத்துச் செல்லப்பட்ட குழந்தை ஊசியைக் கண்ட அக்கணத்தே, நோவோடு வஞ்சனையையும் அறிகின்றது. நோவு சில நாளில் ஆறும். தாய் சொல் பொய்க்கும் என்னும் அறிவோ அதன்பின் அகலாது. அதனைக் குற்றமற்ற நன்மை என்று எவ்வாறு கொள்வது?

சிறுவனின் தாய் வேறு வழியைக் கைக்கொண்டார். சிகிச்சைக்கு மூன்று நாள் முன்னர், அவன் விளையாடும் மரப்பாச்சியை எடுத்து, அதன் இடுப்பில் துணிக்கட்டு ஒன்றைக் கட்டி, நிகழவிருப்பதை எளிய சொற்களில் கூறினார். “வலிக்குமா?” என்றான் சிறுவன். “தூங்கும்போது வலிக்காது. எழுந்தபின் கொஞ்சம் வலிக்கும். அதற்கு மருந்து தருவார்கள்” என்றார் தாய். “நீ எங்கே இருப்பாய்?” என்றான். “கதவு வரையில் வருவேன். கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன்” என்றார். அவன் அழவில்லை. மரப்பாச்சியின் கட்டை அவிழ்த்துத் தானே மறுபடி கட்டிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் குழந்தை அஞ்சும் என்பார்க்கு யாம் கூறுவது இது: குழந்தையை மிகுதியும் அச்சுறுத்துவது தெரிந்த நோவன்று, தெரியாத கதவேயாம்.

சிகிச்சை குறைவின்றி முடிந்தது. கை தேர்ந்த மருத்துவரும் கனிந்த தாதியரும் அவனைப் பேணினர். ஆயினும் மயக்கந் தெளியும் அறைக்குள் தாய்மார் புகலாகாது என்பது அவ்வைத்தியசாலையின் விதி. இச்செய்தி தாய்க்கு முன்கூட்டி உரைக்கப்படவில்லை. உள்ளே சிறுவன் விழித்து அழைக்கும் குரலைக் கேட்டுக்கொண்டே அவர் கதவுக்கு வெளியே நின்றார். கதவருகே நின்ற தாதியைக் குறை கூற யாம் ஒருப்படோம். விதியை வகுத்தவர் அவர் அல்லர். ஏறக்குறைய அரைமணி நேரங் கழித்துச் சிறுவனை வெளியே கொணர்ந்தபோது, அவன் நோவைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “கண் விழிக்கும்போது இருப்பேன் என்றாயே, அம்மா?” என்பதே அவன் கேட்ட கேள்வி. அதன்பின் சில வாரங்கள், மருந்து இனிக்கும் என்று தாய் சொன்னாலும் அவன் ஒரு துளியை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்த பின்னரே வாய் திறந்தான். தாய் சொன்னது மெய். அதனைப் பொய்யாக்கியது ஒரு கதவு. யாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தது இதன்பொருட்டே.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் முன்னர்ப் பல வைத்தியசாலைகள், பெற்றோர் வந்தால் குழந்தை அழுகின்றது என்று காட்டி, வாரத்தில் ஒருநாளோ இருநாளோ மட்டும் அவர்களை உள்ளே விட்டன. நியூகாசில் நகரில் ஸ்பென்ஸ் என்னும் வைத்தியர் 1920-களிலேயே தாய்மாரைக் குழவிகளோடு தங்கச் செய்தார். அவரைப் பின்பற்றினோர் மிகச் சிலரே. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார், கொப்பூழ்க் குடலிறக்கச் சிகிச்சைக்காக எட்டு நாள் தனித்துத் தங்கிய இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். அக்குழந்தை ஓயாது கதறவில்லை. நாளுக்கு நாள் ஒடுங்கிற்று. அடங்கிய குழந்தை நலமான குழந்தை என்று எண்ணியிருந்த வைத்தியர் பலர் அப்படத்தைக் கண்டு சினந்தனர். பின்னர், அரசாங்கம் நியமித்த குழுவின் தலைவர் ஹாரி பிளாட், தாமே ஓர் அறுவை மருத்துவர், 1959-இல் வெளியிட்ட அறிக்கையில், பெற்றோர் எந்நேரமும் வரலாமென்றும், சிறு குழந்தையோடு தாய் தங்க இடந்தரல் வேண்டுமென்றும் கூறினார். அறிக்கை வந்தும் கதவுகள் உடனே திறந்தில. 1961-இல் தாய்மார் சிலர் சங்கம் அமைத்து வாதாடத் தொடங்கிய பின்னரே அவை ஒவ்வொன்றாகத் திறந்தன.

அவர்கள் வாதாடிப் பெற்றதில் ஒரு பாதி நம் நாட்டில் வழக்கமாகவே இருக்கின்றது. நம் அரசாங்க வைத்தியசாலைகளில், கட்டிலருகே பாய் விரித்துப் படுத்திருக்கும் தாயைக் காணாத சிறார் பகுதி ஏது? வள்ளுவரும் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்கு கூறாக வகுத்தார். நாலாங்கூறு நம்மிடம் குறைவில்லை. ஆனால் அந்நாலாங்கூற்றுக்கு நாம் வேலை கொடுக்கின்றோமேயன்றி அறிவு கொடுக்கின்றோமில்லை. கஞ்சி வாங்கிவர, மருந்துச் சீட்டைக் கொண்டோட, படிவத்தில் கையொப்பமிடத் தாய் வேண்டும். ஏன், எதற்கு என்று அவர்க்குச் சொல்வார் இலர்.

சொல்லாமையின் தீங்கு சிறிதன்று. சிகிச்சைக்கு முன் குழந்தைக்கு ஒன்றும் கொடாதீர் என்று மட்டும் ஆணையிடுவது பல இடத்தும் வழக்கம். மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது மேலேறி நுரையீரலிற் புகுந்தால் பெருங்கேடாம் என்பதை நியூயார்க்கில் மெண்டல்சன் என்னும் வைத்தியர் 1946-இல் விரிவாக எழுதினார். அக்காரணத்தாலேயே உணவை 6 மணி நேரமும், தாய்ப்பாலை 4 மணி நேரமும், தெளிந்த நீரை 2 மணி நேரமும் முன்னதாக நிறுத்துதல் பொதுவான முறை. எம் சிறுவனின் அடுத்த கட்டிலில், பசியால் அழுத பேத்திக்கு ஒருவரும் அறியாமல் பால் புகட்டக் கிண்ணத்தை எடுத்தார் ஒரு மூதாட்டி. எம் வீட்டுத் தாய் காரணத்தைச் சொன்னதும் அவர் கை நடுங்கிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அன்பு மிக்க அம்மூதாட்டிக்கு வேண்டியிருந்தது மேலுமோர் ஆணையன்று, இரண்டு வாக்கியங்களே.

தாய்மாரை உள்ளே விட்டால் கூட்டம் பெருகும், நோய்க்கிருமி பரவும், அவர்களே மயங்கி விழுவர் என்று தடை கூறுவாரும் உளர். அவர் கூற்றை இகழ்ந்து தள்ளுதல் முறையன்று. கத்தி நடக்கும் வேளையில் அறுவைக் கூடத்தில் தாய்க்கு இடமில்லை என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் மயக்கந் தெளியும் அறை அத்தகைய இடமன்று. கை கழுவி மேலங்கி அணிந்த ஒரே ஒருவரை அங்கே விடுவதும், குழந்தை மயங்குமளவும் தாயை அருகில் நிறுத்துவதும், இன்று சிறார் வைத்தியசாலைகள் பலவற்றில் நடைபெற்றுவரும் முறைகளே. இடநெருக்கடியால் அங்ஙனம் செய்ய இயலாத வைத்தியசாலை, இயலாது என்பதையேனும் முன்னாளில் சொல்லிவிடலாம். அப்பொழுது தாய் தன் பிள்ளைக்குக் காக்கமாட்டாத சொல்லைக் கொடுக்கமாட்டாள். இதற்குப் பொருட்செலவு யாதும் இல்லை.

நம் கல்லூரியில் பயின்று வைத்தியத் துறை புகுவோர் ஆண்டுதோறும் உளர், தாதியராவோரும் உளர், ஏனையோரும் ஒருநாள் பெற்றோராகவோ, மாமனாகவோ, அத்தையாகவோ இக்கதவின் ஒருபுறம் நிற்கவே போகின்றனர். உட்புறம் நிற்போர், கதவுக்கு வெளியே காத்திருப்பவரும் சிகிச்சையின் ஓர் உறுப்பே என்று கருதிப் பேசுக. வெளிப்புறம் நிற்போர், கையொப்பமிடுமுன் ஏன் என்று கேட்க அஞ்சாதிருக்க; கேட்டறிந்ததைக் குழந்தையின் அளவுக்குக் குறைத்துச் சொல்லுக, ஆயின் திரித்துச் சொல்லற்க. புண் ஆறி வடு மறைந்தபின்னும், அந்நாளில் தனக்குச் சொல்லப்பட்டது மெய்யா பொய்யா என்பதைக் குழந்தை தன்னோடு எடுத்துச் செல்லும். அது மெய்யாயிருக்குமாறு காத்தல் நம் கடனாகும்.