முழங்கால் வீக்கம்: கத்தி மட்டும் போதுமா?

முழங்காலில் வீக்கமா? "தைலம் தேய், சரியாகிவிடும்!" வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம் இதுதான்.

வயதானவருக்கு என்றால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். ஆனால் 25 வயது இளைஞனுக்கு, அடி எதுவும் படாமல், ஒரு முழங்கால் மட்டும் மாதக்கணக்கில் வீங்கி நின்றால்? அதைத் தைலத்தோடு விடுவது ஆபத்து!

சவ்வில் வரும் நோய்

மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. மூட்டு வழுக்கி அசைய எண்ணெய் போன்ற நீரைச் சுரப்பது அதுதான். சிலருக்கு இந்தச் சவ்வு தடித்து, முடிச்சு முடிச்சாக வளர்ந்துவிடும். உள்ளே ரத்தம் கசியும். அந்த ரத்தத்தின் இரும்பு படிந்து, சவ்வு துருவின் நிறமாகும். 1941-ல் ஜாபே, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ என்ற அமெரிக்க டாக்டர்கள் இந்த நோயை விளக்கிப் பெயர் சூட்டினார்கள்.

இது உயிரைக் குடிக்கும் புற்றுநோய் அல்ல. ஆனால் எலும்பை அரிக்கும், காலை முடக்கும்.

கத்தியும் கதிரும்

ஆபரேஷன் செய்து சவ்வை எடுப்பதே முதல் சிகிச்சை. ஒரே கட்டியாக இருந்தால் அதுவே போதும். மூட்டு முழுவதும் பரவியிருந்தால்தான் தொல்லை. முழங்காலின் பின்புற மடிப்புகளில் சிறிது மிஞ்சினாலும் மறுபடி வளரும்.

அந்த மிச்சத்தை அழிக்கத்தான் கதிர்! புண் ஆறிய சில வாரங்களில், இட்ரியம்-90 என்ற கதிர் மருந்தை ஊசி மூலம் மூட்டுக்குள் செலுத்துவது ஒரு முறை. அதன் கதிர் சில மில்லிமீட்டர் தூரமே பாயும். 64 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகக் குறையும். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது இன்னொரு முறை.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை! இதனால் எவ்வளவு பலன் என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு, இளம் வயதில் கதிர் கொடுப்பதை நன்கு யோசித்தே முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. அதே சமயம், 'கதிர்' என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்து ஓடுவதும் சரியல்ல.

கூலிக்கு ஆதாரம் கால்

கோவிலம்பாக்கத்தைப் பாருங்கள். 200 அடிச் சாலையின் இருபுறமும் மாடி வீடுகள். அவற்றைக் கட்ட சாரம் ஏறுகிறவர்கள், மாடி மாடியாகப் பொருள் கொண்டு கொடுக்கிறவர்கள், கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் எத்தனை பேர்! கால் மடங்கினால் அன்றைய கூலி இல்லை, அடுப்பும் எரியாது.

மூட்டுக்குள் செலுத்தும் கதிர் மருந்துகளை மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். நாட்டில் அறிவு இருக்கிறது. அது ஏழையின் முழங்கால் வரை வந்து சேர வேண்டாமா? எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், சதைப் பரிசோதனையும், தேவைப்பட்டால் கதிர் மருந்தும் அரசு ஆஸ்பத்திரிகளில் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. காரணம் தெரியாத வீக்கம் சில வாரங்களில் வடியாவிட்டால், தைலப் புட்டியை மூடிவிட்டு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். எலும்பு அரித்த பிறகு கத்தியாலும் பழைய காலைத் தர முடியாது; கதிராலும் முடியாது!