செஸ்னாவுக்குச் சரி, கேரட் வண்டிக்கு?

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களிலேயே ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி பொருத்துகிறார்கள், நீலகிரியின் கேத்தி பாலாடாவிலிருந்து கேரட் ஏற்றிப்போகும் வண்டியில் மாட்டினால் என்ன என்ற வாதம் ஒரு முக்கியமான வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. அவற்றில் பழைய விமானங்களின் தரையிறங்கு விளக்கு, இழையும் குழியாடியும் கண்ணாடியும் ஒன்றாக மூடிய ஒரே அலகு. மாற்றும்போது மொத்தமும் மாறும்; அந்த மாடலுக்கு ஒப்புதல் பெற்ற விளக்காகவும் இருக்க வேண்டும். லாரியில் மாறுவது பல்பு மட்டும்.

எச்4 ஹாலஜன் பல்பின் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டே முகப்பு விளக்கின் குழியாடி வடிவமைக்கப்படுகிறது. எல்இடி சில்லு கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலும் டிம் ஒளியின் மேல்விளிம்பு குலையும். வளைவில் எதிரே ஏறிவருபவருக்குக் கண் கூசும். மூடுபனியில் கேடு ஓட்டுநருக்கே: மேலே சிதறிய ஒளி நீர்த்திவலைகளில் பட்டுத் திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவராக நிற்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் சுவரும் கூடும்.

எல்இடி மின்சாரம் குறைவாக இழுக்கும், நெடுநாள் உழைக்கும் என்பதில் தகராறில்லை. மஞ்சள் பல்பு பனியை ஊடுருவும் என்பதுதான் வெறும் நம்பிக்கை. பனித்திவலைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கின்றன. பம்பருக்கடியில் தாழ்வாகப் பொருத்திய, அகன்று விழும் பனிவிளக்கு உதவும், எந்த நிறமானாலும்.