சூடு எங்கிருந்து வருகிறது?

வெப்பத்தை வெளிவிடும் வினை வெப்பம் உமிழ் வினை. வெப்பத்தை உட்கொள்ளும் வினை வெப்பம் கொள் வினை. இந்த இரண்டு வரிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம் பள்ளி மாணவியர் பிழையின்றிச் சொல்வர் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அடுத்த கேள்வியாக, ‘விறகு எரியும்போது வருகிறதே, அந்தச் சூடு அதற்குமுன் எங்கே இருந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘விறகுக்குள் அடைபட்டுக் கிடந்தது, பிணைப்பு உடைந்ததும் வெளியே வந்துவிட்டது’ என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த விடை தவறானது. இதை நம் குறிப்பேடுகளிலிருந்து அடியோடு நீக்கவேண்டும் என்பதே மேல்வகுப்பு வேதியியல் மாணவியராகிய எங்கள் கருத்து.

இரண்டு காந்தங்களை எண்ணிப் பாருங்கள், தோழியரே. ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தங்களைப் பிரிக்க நாம்தான் இழுக்க வேண்டும். அருகில் விட்டால் அவை தாமே ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். அணுக்களின் பிணைப்பும் ஏறத்தாழ இப்படித்தான். பிணைப்பை உடைக்க ஆற்றலைச் செலவிட வேண்டும். புதிய பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளிவருகிறது. அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டைப்போல இதற்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதலாம்.

2 மோல் ஹைட்ரஜனும் 1 மோல் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராவி ஆவதாகக் கொள்வோம். ஒரு மோல் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436 கிலோ ஜூல் வேண்டும், இரண்டுக்கு 872. ஆக்ஸிஜன் பிணைப்புக்கு 498. ஆகச் செலவு 1,370 கிலோ ஜூல். இனி வரவு. நீர் மூலக்கூறுகளில் ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே நான்கு மோல் பிணைப்புகள் உண்டாகின்றன. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 463 வீதம் 1,852. வரவில் செலவைக் கழித்தால் கையில் நிற்பது 482 கிலோ ஜூல். நாம் காணும் சுடரும் சூடும் இந்த மிச்சமே ஆகும். உடைந்ததால் வந்தது அன்று. உடைந்தவை முன்னிலும் உறுதியாக வேறு துணையோடு சேர்ந்ததால் வந்தது.

விறகுக்கும் இதே கணக்குத்தான். சூடு விறகில் மட்டும் இருந்ததில்லை. விறகும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்த கணக்கில் இருந்தது. காற்றுப் படாமல் விறகைச் சூடேற்றினால் கரிதான் கிடைக்கும், அடுப்பு எரியாது. ஊதுகுழலை எடுத்து ஊதும் பாட்டிக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு சிறு வேண்டுகோள். உயிரியல் வகுப்பில் ஏ.டி.பி. என்னும் பொருளைப் பற்றிப் படிக்கிறோம். அதன் ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ உடைந்து உடலுக்கு ஆற்றல் தருகிறது என்று எழுதிக்கொள்கிறோம். மணி அடிக்கிறது. அடுத்த வகுப்பில், பிணைப்பை உடைக்க ஆற்றல் வேண்டும் என்று எழுதுகிறோம். இரண்டும் ஒரே நாளில், ஒரே பேனாவால்! உண்மையில் ஏ.டி.பி. நீரோடு வினைபுரிகிறது, பழைய பிணைப்பை உடைக்க ஆகும் செலவைவிட, புதிதாக உண்டாகும் பொருள்கள் நீரில் நிலைபெறுவதால் வரும் வரவு மிகுதி. அந்த மிச்சம்தான் ஒரு மோலுக்குச் சுமார் 30 கிலோ ஜூல். நம் ஆசிரியைகள் இருவரும் ஓய்வறையில் ஒரு தேநீர் வேளையில் கலந்து பேசி, ஒரே வாக்கியத்தை எங்களுக்குத் தந்தால் பெரிதும் நன்றியுடையோராவோம்.

ஆற்றல் கணக்கை எங்கே காணலாம் என்று கேட்டால், நாங்கள் காட்டுவது சுண்ணாம்புத் தொட்டியை. பொங்கலுக்குமுன் வெள்ளையடிப்பதற்காகச் சுட்ட சுண்ணாம்புக் கற்களைத் தொட்டியில் இட்டு நீர் ஊற்றுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. ஆனால் தொட்டி ‘தளதள’வென்று கொதிக்கிறது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வந்தது என்பதே சரியான விடை. காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் சுண்ணாம்புக்கல் 178 கிலோ ஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. 44 கிராம் கரியமில வாயு வெளியேற, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதில் நீர் சேரும்போது 65 கிலோ ஜூல் திரும்பி வருகிறது. சொற்பம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பிலிருந்து வரும் வெப்பம், மூன்றரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்.

178 வாங்கியது 65 தான் திருப்பித் தந்தது. மீதி 113 எங்கே? சுவரில் இருக்கிறது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. அப்போது எஞ்சிய 113 கிலோ ஜூலும் வெளிவந்துவிடுகிறது. பல நாட்களாகப் பரவி வருவதால் சுவரைத் தொடும் கைக்குத் தெரிவதில்லை. 65-ம் 113-ம் சேர்ந்தால் 178. காளவாயில் வாங்கிய கடன் ஒரு காசு குறையாமல் அடைபட்டுவிட்டது. எத்தனை படிகளில் நடந்தாலும் மொத்த வெப்பம் தொடக்கத்தையும் முடிவையுமே பொறுத்தது என்று, ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றிய ஹெஸ் என்னும் அறிஞர் 1840-இல் கண்டறிந்து கூறிய விதி இதுவே. நாம் அதை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே அறிந்திருப்பது வருந்தத்தக்கது.

மதிப்பெண் போனால் அடுத்த தேர்வில் வாங்கிக்கொள்ளலாம். கண் அப்படியன்று. சுட்ட சுண்ணாம்புத் துகள் கண்ணில் தெறித்தால் கண்ணீரோடு சேர்ந்து அங்கேயே சூடாகிறது. அதன் காரத்தன்மையோ சூட்டைவிடக் கொடியது. வெற்றிலைக்கென விற்கும் சிறு சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடி, அது பீறிட்டுக் கண்ணைக் கெடுத்த நிகழ்ச்சிகளைக் கண் மருத்துவர்கள் பலமுறை எழுதியுள்ளனர். கண்ணைக் கசக்கக்கூடாது, எண்ணெயோ தாய்ப்பாலோ விட்டுப் பார்த்துக் காலம் கடத்தவும் கூடாது. உடனே தூய நீரை ஊற்றி, இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் கழுவியபின் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பெற்றோர் இதனை அருள்கூர்ந்து கவனிப்பார்களாக.

கந்தக அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது என்பதும் இவ்வகையைச் சார்ந்ததே. அமிலம் நீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு அடர்ந்தது. மேலே ஊற்றிய சிறிதளவு நீர் மிதந்து, கலக்கும்போது எழும் வெப்பத்தால் அங்கேயே கொதித்து அமிலத்தையும் முகத்தில் தெறிக்கச் செய்யும். காரணம் அறிந்தவள் இந்த விதியை மறக்கமாட்டாள். மனப்பாடம் செய்தவள் பதற்றத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லக்கூடும்.

சமையல் எரிவாயுவுக்கு வருவோம். அது காற்றோடு சேர்ந்து எரிந்தால் வரவு மிகப் பெரிது. ஆயினும் கசிந்து அறை முழுதும் பரவியபின்னும் அது தானாகப் பற்றிக்கொள்வதில்லை. முதற்செலவுக்குப் பணமில்லாத வியாபாரியைப்போலக் காத்திருக்கிறது. அந்த முதற்செலவைத்தான் கிளர்வுறு ஆற்றல் என்று படிக்கிறோம். மின்விளக்குச் சுவிட்சைத் தட்டும்போது எழும் சிறு பொறி அதற்குப் போதும். ஆகவே நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

‘பொதுத்தேர்வில் கேட்பது வரையறைதானே, இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று சில பெற்றோர் கேட்கலாம். அவர்கள் கவலை நியாயமானதே. ஆனால் வரையறையை ஒரு பாடவேளையில் கற்று மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிறோம். அதில் ஒரு பாடவேளையைக் கையால் தொட்டு அறியக் கொடுத்தால் எதுவும் குறைந்துவிடாது. பெண்களுக்கு இவ்வளவு வேதியியல் எதற்கு என்போரும் இன்னும் இல்லாமற் போகவில்லை. சுண்ணாம்பும் எரிவாயுவும் யார் கையில் இருக்கின்றன என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

எட்டாம் வகுப்புத் தங்கைகளுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். அதை ஆசிரியை கண்ணாடி அணிந்து செய்து காட்டினால் போதும். அவர்களுக்கு ஓர் எலுமிச்சம்பழமும், ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும், ஒரு குவளையும் கொடுக்கலாம். சாற்றில் வெப்பமானியை வைத்து அளவைக் குறிக்கட்டும். சோடாவைப் போட்டதும் நுரை பொங்கும். பொங்குவது சூடாகும் என்றுதான் எல்லாரும் எண்ணுவர். வெப்பமானியோ இறங்கும்! குவளையும் சில்லிடும். சூட்டை வெளிவிடும் வினைகளே தாமாக நிகழும் என்று பிரான்ஸில் பெர்த்தலோவும் டென்மார்க்கில் தாம்சனும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினர். அவ்வளவு பெரிய அறிஞர்களின் கொள்கை ஆப்ப சோடாவிடம் செல்லாது! இங்கே கரியமில வாயு குமிழிகளாகப் பிரிந்து காற்றில் பரவுவதும் கணக்கில் சேர்கிறது. அந்தப் பகுதியை மேல்வகுப்பில் படிக்கலாம்.

இதனை இந்த ஆண்டே தொடங்கலாம். வெப்பமானிகள் ஆய்வுக்கூட அலமாரியின் மேல்தட்டில், பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன.