கிதார் எங்கே என்று கேட்டவர்கள்

1997-இல் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தால் உச்சிக்குப் போன இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு, 2000 அக்டோபரில் 'கிட் ஏ'யை வெளியிட்டபோது ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப் போனார்கள். கிதார் பின்னுக்குப் போய், சிந்தசைசரும் மின்னணுத் தாளமும் முன்னால் நின்றன. பாடகர் தாம் யார்க்கின் குரலே சில இடங்களில் அடையாளம் தெரியாதபடி உருமாற்றப்பட்டிருந்தது. நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஆனால் தனிப்பாடல் ஒன்றைக்கூட வெளியிடாத அந்த ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தில் நுழைந்தது. பின்னர் ரோலிங் ஸ்டோன் இதழ் அதை அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. விற்பனையும் விருதும் தரத்துக்குச் சான்றாகா என்பது உண்மைதான். என்றாலும் பழைய ஒலியையே மீண்டும் தருவது குழுவின் கடமை என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

காசு கொடுத்து வாங்குபவனுக்குக் குறை சொல்லும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக உண்டு; சில சமயம் ரசிகனின் காதுதான் சரி. மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் 2003 ஆல்பமான 'செயின்ட் ஆங்கர்' தகர டப்பா போல ஒலிக்கும் ஸ்னேர் டிரம்முக்காக இன்றும் திட்டு வாங்குகிறது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது, ஏனென்றால் அந்தக் குறை காதில் விழும் ஒன்றைப் பற்றியது. அதே குழு 1991-இல் பாடல்களைச் சுருக்கி வேகத்தைக் குறைத்தபோது எழுந்த 'விலைபோய்விட்டார்கள்' என்ற கூச்சல் வேறு வகை. அது கலைஞனின் மனதுக்குள் புகுந்து நோக்கத்தை விசாரித்தது, பாட்டைக் கேட்கவில்லை.