உழைப்பு வேண்டுமாம், குடும்பம் வேண்டாமாம்!

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நம் பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தாலி கட்டி இரண்டு மாதம் ஆகுமுன் விமானம் ஏறுகிறவர்கள் பலர். "போய்க் காலூன்றியதும் உன்னை அழைத்துக்கொள்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அந்தச் சொல் எத்தனை பேருக்குப் பலிக்கிறது? பலிக்காததற்குக் காரணம் அவர்கள் மனம் மாறியதல்ல. சட்டம் கதவை அடைத்திருக்கிறது.

தாராவித் தோல் பட்டறைகளுக்கு நம் முன்னோர் தனியாகத்தான் வந்தார்கள். ஓர் அறை கிடைத்ததும் மனைவி மக்களை ரயிலேற்றி அழைத்துக்கொண்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. நாட்டுக்குள் எங்கும் குடியிருக்கும் உரிமையை நம் அரசியல் சட்டம் தந்திருக்கிறது. கடல் கடந்தால் அந்த உரிமைக்கு விலைச்சீட்டு தொங்குகிறது.

சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது ஒர்க் பெர்மிட். பத்து வருடம் உழைத்தாலும் அதில் மனைவியைக் குடிவைக்க வழியில்லை. உயர்ந்த பாஸ் உள்ளவருக்கும் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்பு தொழிலின் பெயரைப் பார்த்துக் குடும்ப விசா கொடுத்தார்கள். 2019இல் அதை மாற்றி 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் என்று கோடு போட்டார்கள். லேபர் கேம்பில் அடுக்குக் கட்டிலில் படுப்பவன் அந்தக் கோட்டை எப்போது தாண்டுவது? சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் தொடங்கி, 2020இல் அது 400 ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால்! பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச் முதல் புதிதாகப் போனவர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை. ஊரார் பெற்றோரைப் பேண வேண்டும், பெற்ற பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டும். இது என்ன நியாயம்?

"அவர்கள் நாடு, அவர்கள் சட்டம்" என்பார்கள் சிலர். ஆனால் குடிபெயர்ந்த தொழிலாளரும் குடும்பமும் சேர்ந்து வாழ அரசுகள் வழி செய்ய வேண்டும் என்று ஐ.நா. சபை 1990இலேயே ஓர் உடன்படிக்கை வகுத்திருக்கிறது. இலங்கை அதை 1996இல் ஏற்றது. ஆள் அனுப்பும் இந்தியா ஏற்கவில்லை. ஆள் எடுக்கும் வளைகுடா நாடுகளும் ஏற்கவில்லை. வரும் பணத்தை எண்ணத் தெரிந்த அரசுக்கு, பிரிந்து கழியும் ஆண்டுகளை எண்ணத் தெரியவில்லையா?

ரயில்வே அலுவலகத்தில் நாங்கள் பாஸ் எழுதும்போது ஊழியர் பெயரோடு மனைவி மக்களையும் சேர்த்தே எழுதுகிறோம். தொழிலாளி என்றால் குடும்பம் உள்ளவன் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அந்த நியாயம் கடல் தாண்டினால் செத்துவிடுமா? இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்க வேண்டும். வேலை ஒப்பந்தம் பேசும் நாடுகளிடம் குடும்ப விசாவையும், அது கிடைக்காதவருக்கு ஆண்டுதோறும் விடுப்பும் விமானச் சீட்டும் கேட்டு வாங்க வேண்டும். இதை நம் எம்.பி.க்களின் காதில் விழும்படி சொல்வோம்.

அதுவரை நாம் செய்யவேண்டியதும் உண்டு. பெண் கொடுக்கும் பெற்றோரே, மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை என்றதும் மகிழ்ந்துபோகாதீர்கள். எந்த விசா, என்ன சம்பளம், குடும்பத்துக்கு இடமுண்டா என்று நிச்சயத்துக்கு முன்பே கேளுங்கள். "ஆறு மாதத்தில் குடும்ப விசா" என்று சொல்லும் ஏஜெண்டிடம் அதை எழுத்தில் கேளுங்கள், நழுவினால் புரிந்துகொள்ளுங்கள். திருமணத்தைப் பதிவு செய்யாமல் விமானம் ஏறவேண்டாம். ஊரில் நடக்கும் கல்யாணம் எந்த மதத்து முறையில் நடந்தாலும் பதிவு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. குடும்ப விசாவுக்கு அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. அமீரகத்துக்கானால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று மூன்று இடத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும். அங்கே அவருக்கு ஏதாவது நேர்ந்தாலும், நான்தான் மனைவி என்று அந்தப் பெண் நிரூபிக்கக் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.

கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழ்வது சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் சலுகையல்ல. உழைக்கிறவனின் உரிமை. உரிமை என்று தெரிந்தபின் கெஞ்சுவானேன்? சேர்ந்து நின்று கேட்போம்!