ஷிஃப்ட் முடிஞ்சதும் ஒரு மேட்ச்! ஓசூர் பெண்ணின் 2025 கேம் லிஸ்ட்

டிசம்பர் பிறந்தாலே பட்டியல் சீசன்தான். சிறந்த படம், சிறந்த பாட்டு, சிறந்த சீரியல் வில்லி என்று வரிசை கட்டும். வீடியோ கேம் உலகத்துக்கும் அப்படி ஒரு சீசன் உண்டு. அமெரிக்காவில் நடக்கும் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில், 2025-ன் சிறந்த கேம் என்ற விருதை 'கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' தட்டிச்சென்றது. பிரான்ஸில் இருக்கும் 'சாண்ட்ஃபால்' என்ற சின்ன நிறுவனம் செய்த கேம் அது. ஒரே இரவில் 9 விருதுகள்!

நல்ல கேம்தான். ஆனால், அதை ஆட வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். இல்லையென்றால் சுமார் 50,000 ரூபாய் கொடுத்து ஒரு கன்சோல் வாங்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கையில் இருப்பது தவணையில் வாங்கிய போன். அங்கே போடப்படும் 'டாப்' லிஸ்ட் வேறு மாதிரிதான் இருக்கும்.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அரூர் பக்கம் ஒரு கிராமம், டிப்ளமோ படிப்பு, 24 வயது. எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றில் வேலை. ஹாஸ்டல் அறையில் ஆறு பேர். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. சூளகிரியிலோ மத்திகிரியிலோ ஜுஜுவாடியிலோ கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது ஏறும் கூட்டத்தில் இப்படி ஒருவரை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

டி.வி.எஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று வண்டிக்கும் வாட்ச்சுக்கும் பேர் வாங்கிய வட்டாரம் இது. இப்போது போனும் சேர்ந்துவிட்டது. ஐபோனின் வெளிக்கூட்டைச் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை, திம்ஜேப்பள்ளி பக்கம்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி ஆலைகள் பலவற்றில் வேலை செய்கிறவர்கள் சொந்த போனை உள்ளே கொண்டுபோக முடியாது. நம் பெண்ணின் போனும் எட்டு மணி நேரம் லாக்கரில் தூங்கும்.

அதனால் அவருடைய விளையாட்டு நேரம் முழுசாக இருக்காது, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பஸ் வரும் வரை பத்து நிமிடம். பஸ்ஸுக்குள் முக்கால் மணி. மெஸ்ஸில் தட்டோடு நிற்கும் வரிசை. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் படுத்தால் வராத தூக்கம். கிராஃபிக்ஸ் எப்படி, கதை எப்படி என்று விமர்சகர்கள் மார்க் போடுவார்கள். இவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பாதியில் நிறுத்த முடியுமா?

அந்தப் பரீட்சையில் நன்றாகப் பாஸானது கிரிக்கெட். 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்ற கேமை உலகம் முழுக்க ஆடுகிறார்கள். அது சென்னையில் இருக்கும் 'நெக்ஸ்ட்வேவ் மல்ட்டிமீடியா' நிறுவனம் செய்தது என்பது, ஆடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. மூன்றாவது பாகத்தில் தமிழ் வர்ணனையும் உண்டு. குரல், முன்னாள் இந்திய வீரர் அபினவ் முகுந்த். இயர்போனில் 'பந்து எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது' என்கிற மாதிரி தமிழில் ஒரு குரல் கேட்டால், பஸ்ஸில் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மாட்டியிருப்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோகும். நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாக உலகக் கோப்பையைத் தூக்கிய பிறகு, ஹாஸ்டல் அறையில் இந்த கேமுக்குப் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது செஸ். 'அது எப்படி வீடியோ கேம் ஆகும்?' என்று கேட்கலாம். 2025-ல் சவுதி அரேபியாவின் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில், துப்பாக்கிச் சண்டை கேம்களோடு செஸ்ஸும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. கார்ல்சன் ஜெயித்தார். ஆகவே, கணக்கில் சேர்க்கலாம்! முன்பின் தெரியாத ஒருவரோடு பத்து நிமிட ஆட்டம், காசில்லாமல். 2025 இந்தியப் பெண்களுக்கு செஸ்ஸிலும் நல்ல வருடம். ஜூலையில் திவ்யா தேஷ்முக் மகளிர் உலகக் கோப்பையை வென்றார். செப்டம்பரில் சென்னை வைஷாலி கிராண்ட் ஸ்விஸ் பட்டத்தை இரண்டாவது முறையாக வென்றார். நம் பெண் தோற்பதுதான் அதிகம். தோற்றாலும் போவது கொஞ்சம் ரேட்டிங் மட்டுமே. 'மட்டுமே' என்ற அந்த வார்த்தை எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

பி.ஜி.எம்.ஐ இல்லாமல் எந்த ஓசூர் லிஸ்ட்டும் முடியாது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை, 2021-ல் பி.ஜி.எம்.ஐ என்ற புதுப் பெயரில் வருகை, 2022 ஜூலையில் மறுபடி மாயம், 2023 மே மாதம் மறுபடி வருகை. சீரியலில் செத்துச் செத்துப் பிழைக்கும் கதாநாயகன்கூட இவ்வளவு தடவை திரும்பி வந்ததில்லை. எல்லை ஊர் என்பதால் இந்த கேமுக்கு இங்கே ஒரு தனி ருசி உண்டு. நான்கு பேர் அணியில் ஒருவர் தமிழ், ஒருவர் தெலுங்கு, ஆனேக்கல் பக்கத்து ஆள் கன்னடம், பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர் இந்தி. 'லெஃப்ட்ல எனிமி' என்பது மட்டும் நால்வருக்கும் பொது மொழி!

ஆனால், நம் பெண்ணின் பரீட்சையில் இது ஃபெயில். ஒரு மேட்ச் அரை மணி நேரம்கூட இழுக்கும். நடுவில் பஸ் வந்துவிட்டால், கூட ஆடும் மூன்று பேரிடமும் திட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறார்.

இந்த வருடம் அவர் போனில் இன்ஸ்டால் ஆகாத ஒரு கேமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊரில் இருக்கும் தம்பி சம்பளத் தேதி பார்த்து போன் செய்வான். "அக்கா, ஒரு அஞ்சாயிரம் அனுப்பு. வேலைக்கு டெபாசிட் கட்டணும்." இரண்டு மாதம் அனுப்பினார். மூன்றாவது மாதம்தான் தெரிந்தது, டெபாசிட் போன இடம் ஆன்லைன் ரம்மி.

இந்தப் பெண் கற்பனை என்றாலும், இந்த போன் கால் எத்தனை வீடுகளுக்கு வந்திருக்கிறது என்பதைத் தமிழ்நாடு அறியும். கடனில் விழுந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் அடுத்தடுத்து வந்ததால்தான், ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் 2022-ல் குழு போடப்பட்டது. அந்த ஆண்டே சட்ட மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023-ல் சட்டசபை மறுபடி நிறைவேற்றி, சட்டமானது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம், 'ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள். அவற்றுக்கு முழுத் தடை செல்லாது, ஒழுங்குபடுத்தலாம்' என்றது.

அப்படி ஒழுங்குபடுத்த 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டுவந்த விதிகளில் ஒன்று, ஷிஃப்ட் ஊர்களுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. பணம் கட்டி ஆடும் கேம்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட முடியாது. கம்பெனிகள் வழக்கு போட்டன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

அந்த ஐந்து மணி நேரத்தை ஓசூரில் வைத்துப் பாருங்கள். மதிய ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்து சாப்பிட்டு நிமிர்ந்தால் மணி 12. அறையில் மற்றவர்கள் தூங்கியிருப்பார்கள். பேச ஆள் இல்லை, தூக்கமும் இல்லை, போனில் அன்று ஏறிய சம்பளம். 'வெல்கம் போனஸ்' விளம்பரம் சரியாக அந்த நேரத்தில் வந்து கூப்பிட்டால் யாருக்கும் கை நீளும். பணக்காரர் வீட்டு இரவும் சிப்காட் அறையின் இரவும் ஒன்றல்ல. இது தனிமனித உரிமையில் தலையிடுவது என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், அந்த அறையில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தவர்கள் நீதிமன்றத்தின் பக்கம்தான் நிற்பார்கள்.

ஆகஸ்ட்டில் கதை இன்னும் வேகமெடுத்தது. மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் 20-ம் தேதி மக்களவை, 21-ம் தேதி மாநிலங்களவை, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் என மூன்றே நாளில் முடிந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் கேம்கள் எல்லாவற்றுக்கும் தடை. இ-ஸ்போர்ட்ஸுக்கும் சாதாரண கேம்களுக்கும் தடை இல்லை. பெரிய ஆப்கள் கடையைச் சாத்தின. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே 'ட்ரீம் 11' பெயர் போனது.

எல்லாம் சுத்தமாகிவிட்டதா என்றால், இல்லை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் திருட்டு ஆப்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தடையில்லாத கேம்களிலேயே காசுக்குத் திறக்கும் 'பெட்டிகள்'. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நல்ல துப்பாக்கிப் பெயின்ட் வரலாம், ஒன்றுக்கும் உதவாத தொப்பி வரலாம். ஜெயித்ததைப் பணமாக்க முடியாது என்பதால் இது சூதாட்டக் கணக்கில் வருவதில்லை. நூறு ரூபாய், நூறு ரூபாயாகக் கரைவது என்னவோ அதே சம்பளம்தான். நம் பெண்ணும் ஒரு தடவை திறந்தார். தொப்பிதான் வந்தது.

'செல்லுல கேம் ஆடுறா' என்று வீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அபினவ் முகுந்த் குரல் கேட்கும் கிரிக்கெட்டும், அஞ்சாயிரத்தை விழுங்கிய ரம்மியும் அந்த ஒரே வரிக்குள் அடைபட்டுவிடுகின்றன. தம்பி அவ்வளவு நாள் மறைக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எப்போதும் போனும் கையுமாக இருக்கிறவன் எந்த கேமை ஆடுகிறான் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் இப்போது பார்க்கிறார். காரணம், லூடோ கிங். நவி மும்பையின் 'கேமேஷன்' நிறுவனம் 2016-ல் வெளியிட்ட இந்த கேம், 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஊரடங்கு போன பிறகும் ஹாஸ்டல் பெண்களின் போனில் தங்கிவிட்டது. அறை எண் ஒன்றை உருவாக்கி அனுப்பினால், அரூரில் இருக்கும் அம்மாவும் ஓசூரில் இருக்கும் மகளும் ஒரே பலகையில் உட்காரலாம். அம்மாவுக்குத் தாயக்கட்டை பழக்கம். தாயம் போட்டால்தானே காய் இறங்க வேண்டும்? இதில் ஆறு போட்டால் இறங்குகிறதே என்பது அவருடைய தீராத புகார். "ஒண்ணு விழுந்திருக்கு கண்ணு, காய் ஏன் நகர மாட்டேங்குது?" என்று ஆரம்பித்து, சாப்பிட்டியா, மெஸ்ஸுல என்ன குழம்பு, தம்பி இப்ப ஒழுங்கா வேலைக்குப் போறான் என்று பேச்சு போகும். சும்மா போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் பேச ஒன்றும் இருக்காது. லூடோவில் நாற்பது நிமிடம் ஓடுகிறது. பட்டியலில் இதற்கு முதலிடம் கொடுக்க நம் பெண்ணுக்குக் கொஞ்சம் வெட்கம். கொடுத்துவிட்டார்.

இரண்டாவது இடத்தில் இருப்பதை அவர் ஆடவே இல்லை. யூடியூபில் ஒருவர் ஆடுவதைப் பார்த்தார், அவ்வளவுதான். கனடாவின் டொரன்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'. 1988-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதி வெண்பா - பாவலன், அவர்களின் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லி வேக வைக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரும் என்பதே ஒரு புதிர். தமிழ்ச் சமையலறையில் நடக்கும் இந்தச் சின்ன கேம், 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கியது.

கேம் மொத்தமே ஒன்றரை மணி நேரம் ஓடினால் அதிகம். நைட் ஷிஃப்ட் முடித்த ஒரு பகலில், தூக்கம் வராமல் படுத்தபடி பார்த்தார். தமிழ் சரியாகப் படிக்கத் தெரியாத மகன், வளர்ந்த பிறகு அதே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறும் இடத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவுக்கு போன் போட்டார். லூடோ இல்லாமலே அன்று அரை மணி நேரம் பேசினார்கள்.

2023-ல் வந்த கேமை 2025 பட்டியலில் சேர்க்கலாமா? விமர்சகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சேர்த்தாகிவிட்டது.

பட்டியலுக்கு வெளியே ஒரு ஆசையும் இருக்கிறது. ஸ்கூல் படிக்கும்போது பிரவுசிங் சென்டரில், பசங்களுக்குப் பின்னால் நின்று பார்த்த 'ஜி.டி.ஏ வைஸ் சிட்டி'. அதே வரிசையின் ஆறாவது பாகத்துக்கு உலகமே காத்திருக்கிறது. அதைச் செய்யும் ராக்ஸ்டார் நிறுவனத்துக்கு பெங்களூரிலும் ஸ்டூடியோ உண்டு. 1997-ல் அங்கே தொடங்கிய 'துருவா இன்டராக்டிவ்' என்ற முன்னோடி நிறுவனத்தையும் 2019-ல் வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம்தான். எல்லை தாண்டினால் கேம் செய்கிறார்கள், இந்தப் பக்கம் போன் செய்கிறார்கள்.

தள்ளித் தள்ளிப் போன அந்த கேமுக்கு இப்போது சொல்லியிருக்கும் தேதி 2026 நவம்பர் 19, வியாழக்கிழமை. கன்சோல் வைத்திருக்கும் தோழி ஒருத்தி எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறாள், வரச் சொல்லியிருக்கிறாள். அந்த வாரம் நைட் ஷிஃப்ட்டாக இருக்கக் கூடாது.